கொள்ளுக்கஞ்சியும் இருபத்தெட்டாம் நாளும்

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டி, ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. முன்பு அது புலியின் குகையாக இருந்ததாம். புலி ஓய்வு பெற்றுப் போனதும் வெள்ளையடித்து ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். மொத்தம் நாற்பது படுக்கை. அதில் ஆறு மட்டும் ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனியாக இருந்தன. கதவின் மேல் ஐ.சி.யூ. என்று எழுதியிருக்கும். காட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த மூன்று எழுத்தின் அர்த்தம் தெரியும்.

அந்தக் கதவுக்குப் பின்னால் பதினோரு வருஷமாக வேலை பார்த்தவள் பொற்கொடி என்கிற முள்ளம்பன்றி. முள்ளம்பன்றிக்கு எதற்கு நர்ஸ் வேலை என்று ஆரம்பத்தில் எல்லாரும் கேட்டார்கள். அவள் கெட்டியான கோணிச்சாக்கில் முழுக்கைச் சட்டை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு நோயாளியைக்கூடக் குத்தியதில்லை. டாக்டர்கள் இரண்டு மூன்று பேரைக் குத்தியிருக்கிறாள். அதெல்லாம் தற்செயல் என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது.

அவளுடைய முக்கியமான வேலை கஞ்சி கொடுப்பது. ஐ.சி.யூ.வில் கிடப்பவர்கள் வாயால் சாப்பிட மாட்டார்கள். மூக்கு வழியாக இரைப்பை வரைக்கும் போகும் ஒரு மெல்லிய குழாயில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தினைக்கஞ்சி ஊற்ற வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் தலைமாட்டை உயர்த்தாமல் ஊற்றினால் கஞ்சி மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். அவசரப்பட்டு ஊற்றினால் வாந்தி. ஆறவைத்து ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பொற்கொடி ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள். கஞ்சி இறங்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நினைவில்லாதவர்களிடமும், "இன்னும் கொஞ்சம்தான், முடிஞ்சிரும்" என்று சொல்லுவாள்.

அந்த வருஷம் ஆடி மாசத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆராய்ச்சி வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் பேராசிரியர் ஏகாம்பரம். இருவாச்சிப் பறவை. பல காடுகளில் படித்தவர். பறந்து வரும்போதே ரயில் வருவது போலச் சத்தம் கேட்கும். அவர் எல்லாரையும் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார். உயிருக்குப் போராடுகிற நோயாளிக்குத் தசை கரைந்துபோகிறது. தினைக்கஞ்சிக்குப் பதிலாகக் கொள்ளுக்கஞ்சி கொடுத்தால் அதில் இருக்கிற புரதம் தசையைக் காப்பாற்றலாம். காப்பாற்றாமலும் போகலாம். தெரிந்துகொள்வதற்காகப் பாதிப் பேருக்குத் தினை, பாதிப் பேருக்குக் கொள்ளு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்துப் பார்ப்போம்.

பொற்கொடிக்கு இந்த யோசனை உண்மையாகவே பிடித்திருந்தது. ஐ.சி.யூ.விலிருந்து பிழைத்து வெளியே போனவர்கள் எலும்பும் தோலுமாகப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு புள்ளிமான் ஏழு மாசம் கழித்தும் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தது. எந்தக் கஞ்சி நல்லது என்று யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அவள் கும்பிட்டு ஊற்றுவாள்.

"கொள்ளு நல்லதா இல்லையான்னு எதை வெச்சு சார் முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி சிஸ்டர்" என்றார் பேராசிரியர். "இருபத்தெட்டாம் நாள் நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்போம்."

"ஏன் சார் இருபத்தெட்டு?"

பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆமையைப் பார்த்தார். ஆமையின் பெயர் கூர்மநாதன். புள்ளியியல் நிபுணர். அவர் கழுத்தை மெதுவாக வெளியே நீட்டி, "எல்லாக் காட்டிலும் இருபத்தெட்டுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

முதல் மாசத்திலேயே பொற்கொடிக்கு இருபத்தெட்டின் மகிமை புரிந்துவிட்டது. நான்காம் படுக்கையில் ஒரு காட்டுப்பன்றி கிடந்தார். வயசானவர். பிழைக்கமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். இருபத்தேழாம் நாள் அவரைச் சுற்றி டாக்டர்கள் ஏழு பேர் நின்றார்கள். அவர் பெயரைக்கூட அன்றுதான் சிலர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இருபத்தெட்டாம் நாள் மத்தியானம் பேராசிரியர் வந்து நாடி பார்த்தார். 'உயிருடன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். எல்லாரும் கலைந்து போனார்கள். இருபத்தொன்பதாம் நாள் காலை காட்டுப்பன்றி இறந்துபோனார். பக்கத்தில் பொற்கொடி மட்டும் இருந்தாள்.

அவள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் போனாள். "சார், நாலாம் பெட் ஐயா இறந்துட்டாரு."

"வருத்தமான செய்தி" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"இதுல உயிருடன்னு இருக்கே, மாத்திடலாமா?"

"இல்லை சிஸ்டர். இருபத்தொன்பது அவருடைய சொந்த விஷயம்."

கார்த்திகை மழையில் மருதையன் வந்து சேர்ந்தார். காட்டெருமை. தொள்ளாயிரம் கிலோ. மேட்டுக்காட்டு மந்தையில் முன்னால் நடப்பவர் அவர்தான். நாலு நாள் விடாமல் நனைந்ததில் நிமோனியா. மரக்கட்டைச் சறுக்குப் பலகையில் வைத்து நாலு யானைகள் இழுத்துக்கொண்டு வந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. வந்த உடனே தொண்டையில் குழாய் போட்டு மூச்சு இயந்திரத்தில் மாட்டினார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். கொள்ளு விழுந்தது.

கூடவே அவருடைய மனைவி செல்லாயி வந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைபாதையை முழுசாக அடைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். யார் சொல்லியும் நகரவில்லை. டாக்டர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக வந்துபோனார்கள்.

"நர்சம்மா, இவுரு கேக்குறாரா நான் பேசுறது?" என்று முதல் நாள் கேட்டாள்.

"கேக்குதோ இல்லையோ, பேசுங்க. நானும் அப்படித்தான் பேசுறேன்."

மருதையனின் இடது பின்தொடையைத் தினமும் காலையில் டேப் வைத்து அளக்க வேண்டும். இது ஆராய்ச்சியின் இரண்டாவது அளவு. முதல் நாள் நூற்றுப் பத்து சென்டிமீட்டர். மூன்றாம் நாள் நூற்றுப் பதினான்கு. ஐந்தாம் நாள் நூற்றுப் பத்தொன்பது. பேராசிரியர் பறந்து வந்து இறங்கினார்.

"பார்த்தீர்களா சிஸ்டர், ஐந்தே நாளில் ஒன்பது சென்டிமீட்டர் தசை."

பொற்கொடி தொடையில் ஒரு விரலை அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் குழிந்தது. குழி அப்படியே நின்றது.

"சார், இது தசை இல்ல. நீர். டிரிப்ஸ் தண்ணி ஒடம்புல தங்கி வீங்கியிருக்காரு."

பேராசிரியர் அந்தக் குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்கள் சொல்வது சரிதான்" என்றார். பிறகு, "ஆனால் டேப்புக்கு அது தெரியாதே" என்றார். நூற்றுப் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு போனார்.

மூன்றாவது அளவு கைப்பிடி பலம். அதற்கு ஒரு கருவி வைத்திருந்தார்கள். பிடித்து அமுக்கினால் முள் நகரும். குரங்குகளுக்கு அது பிரமாதமாக வேலை செய்தது. குளம்பு உள்ளவர்கள் எல்லாரும் சைபர். நோய் வருவதற்கு முன்னாலும் அவர்களுக்குச் சைபர்தான் என்று பொற்கொடி சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் மருதையனின் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். வீக்கமும் வடிய ஆரம்பித்தது. வடிந்த பிறகு பார்த்தால் தோளெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தொள்ளாயிரம் கிலோவில் எழுநூறுகூட மிச்சம் இருக்காது. அவர் தன் காலையே வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பேச்சு வரவில்லை. மறுநாள் காலையில்தான் குரல் வந்தது.

"நர்சம்மா."

"சொல்லுங்க ஐயா."

"தண்ணி."

"இன்னைக்கு ஒரு மடக்குத் தரலாம்." அவள் கரண்டியில் எடுத்தாள்.

அவர் கரண்டியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதுல இல்ல. ஆத்துல. குனிஞ்சு குடிக்கணும்."

"அதுக்கு நாளாகும் ஐயா."

"குனியறது பெருசில்ல. இப்பவே குனிஞ்சிருவேன். குனிஞ்சா திரும்ப நிமிரணும். மந்தையில குனிஞ்சவன் நிமிரலேன்னா அடுத்தவன் முன்னால போயிருவான்."

கதவுக்கு வெளியிலிருந்து செல்லாயி சொன்னாள்: "எனக்கு அவரு முன்னால போறாரா பின்னால வர்றாரான்னு கவல இல்ல. அவரே எந்திரிச்சு நிக்கணும். நான் தூக்கற வெயிட்டா அது?"

பொற்கொடி அன்றைக்கே ஆரம்பித்தாள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. வயிற்றுக்கு அடியில் பட்டை கட்டி, இன்னொரு முனையைக் கதவுக்கு வெளியே நிற்கும் செல்லாயியின் கொம்பில் மாட்டி, "மெதுவா பின்னால போங்கம்மா" என்பாள். மருதையன் முன்னங்காலை ஊன்றுவார். உடம்பெல்லாம் நடுங்கும். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பதினாறு.

அந்த வாரம்தான் பேராசிரியர் ஒரு பெரிய கூட்டம் கூட்டினார். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று அளவுகளிலும் கொள்ளுக்கும் தினைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எதை அளக்க வேண்டும் என்பதையே புதிதாக முடிவு செய்யலாம் என்று பல காடுகளிலிருந்து நிபுணர்களை அழைத்தார். ஆலமரத்தடியில் இருபது பேர் கூடினார்கள். கூர்மநாதன் ஒரு பட்டியல் வாசித்தார். இதுவரை உலகத்தில் உள்ள ஆராய்ச்சிகள் அளந்த விஷயங்கள் எழுபத்திரண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை அளந்திருக்கிறார்கள். ஒருவர் அளந்ததை இன்னொருவர் அளந்ததோடு ஒப்பிடவே முடியாது. வாசித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

சாப்பாடு பரிமாற உதவிக்கு வந்திருந்த பொற்கொடி இலையைப் போட்டுக்கொண்டே, "நோயாளியைக் கேட்டீங்களா சார்?" என்றாள்.

கூர்மநாதன் பட்டியலை மறுபடி மேலிருந்து பார்த்தார்.

"என்ன கேட்பது?" என்றார் பேராசிரியர்.

"அவங்களுக்கு என்ன வேணும்னுதான். எங்க ரெண்டாம் பெட் ஐயா ஆத்துல குனிஞ்சு தண்ணி குடிச்சிட்டு நிமிரணும்ங்கறாரு. எந்தக் கஞ்சி குடிச்சவங்க குனிஞ்சு நிமிர்றாங்கன்னு பாத்தா போதாதா?"

பேராசிரியர் எழுந்து நின்றார். இறக்கைகளை விரித்தார். கண் கலங்கியிருந்தது. "முப்பது வருஷம் நாம் தவறவிட்டது இதுதான்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்ட முடியாதவர்கள் வாலைத் தட்டினார்கள். பொற்கொடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மோர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்கு நகர்ந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேலை ஆரம்பமானது. முதலில் மலைப்பாம்பு ஆட்சேபம் சொன்னது. "எங்கள் இனத்தில் குனிவதும் நிமிர்வதும் ஒன்றுதான். எங்களை விட்டுவிட்டு அளவு வைத்தால் அது பாரபட்சம்." பழந்தின்னி வௌவால், தங்கள் இனத்தில் நிமிர்வது என்றால் தலைகீழாகத் தொங்குவது என்று பொருள், அதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்றது. ஆறு இல்லாத காட்டிலிருந்து வந்திருந்த உடும்பு, ஆறு என்கிற சொல்லை எடுக்கச் சொன்னது. தண்ணீர் குடிக்காத விலங்கு ஒன்றும் இருந்தது. சாயங்காலம் வரை விவாதித்துக் குனிவதையும் நிமிர்வதையும் ஆற்றையும் தண்ணீரையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததைக் கேள்வித்தாளாக எழுதினார்கள். நாற்பத்தாறு கேள்வி. முதல் கேள்வி இப்படி இருந்தது: 'கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாங்கள் தங்கள் இனத்துக்கு இயல்பான ஒரு நிலைமாற்றத்தை மேற்கொள்ள எந்த அளவுக்கு விருப்பம் கொண்டீர்கள்? சைபரிலிருந்து பத்துக்குள் குறிப்பிடுக.'

அதற்கு 'நோயாளி குரல் அளவுகோல்' என்று பெயர் வைத்தார்கள். எல்லாருக்கும் திருப்தி. ஒவ்வொரு நோயாளியிடமும் தினமும் கேட்டு நிரப்ப வேண்டும். நிரப்ப வேண்டியவர் சிஸ்டர் பொற்கொடி. யோசனையே அவருடையது அல்லவா.

ஆறு நோயாளி, ஆளுக்கு நாற்பத்தாறு கேள்வி. நினைவில்லாதவர்களுக்கும் விலக்கு இல்லை. அவர்களுக்கு, 'பதில் இல்லை' என்று நாற்பத்தாறு தடவை எழுதி, ஏன் பதில் இல்லை என்று தனித்தாளில் விளக்க வேண்டும். பொற்கொடி காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மத்தியானம் ஆனது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போன கஞ்சி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போனது. அரைமணி நேரம் ஊற்றியதைப் பத்து நிமிஷத்தில் ஊற்றினாள். மருதையனை நிற்கவைக்கிற பட்டை நாலு நாளாகச் சுருட்டி வைத்தபடியே இருந்தது.

"இனத்துக்கு இயல்பான நிலைமாற்றம்னா என்ன நர்சம்மா?" என்று அவர் கேட்டார்.

"எந்திரிக்கறது ஐயா."

"அப்ப எந்திரிக்க விடேன். ஏன் கேட்டுக்கிட்டு இருக்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு பத்துக்கு ஆறு என்று எழுதினாள்.

பதினைந்தாம் நாள் காலை அவள் ஐந்தாம் படுக்கையில் முப்பதாவது கேள்வியில் இருந்தபோது பின்னால் பெரிய சத்தம் கேட்டது. மருதையன் தானாகவே எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். முன்னங்கால் மடங்கி, முகம் தரையில் இடித்து, பக்கவாட்டில் விழுந்துகிடந்தார். செல்லாயி கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அவரைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூக்கை அவர் கழுத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மருதையன் யாரையும் திட்டவில்லை. "நான் மேட்டுக்காட்டுக்குப் போகமாட்டேன்போல இருக்கு" என்றார். அவ்வளவுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பொற்கொடி அவர் தலைமாட்டில் இருந்த கஞ்சிப் பாத்திரத்தை எடுத்தாள். காலையில் கொடுக்க வேண்டிய கஞ்சி அதில் அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. அன்றைய சார்ட்டில் 'கொள்ளுக்கஞ்சி, முழு அளவு' என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். கொடுக்கச் சொன்னதைத்தான் அந்தச் சார்ட் காட்டும். கொடுத்ததைக் காட்ட அதில் கட்டம் கிடையாது.

அவள் மருதையனைப் படுக்கவைத்து, காயத்துக்கு மருந்து போட்டு, சூடாகக் கஞ்சி காய்ச்சி, தலைமாட்டை உயர்த்தி, அரைமணி நேரம் ஊற்றினாள். பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மாசத்துக்கு மிச்சமிருந்த எல்லாப் படிவங்களையும் எடுத்து முன்னால் அடுக்கினாள். ஆறு நோயாளிகளுக்கும் எல்லா நாளைக்கும் எல்லாக் கேள்விக்கும் ஏழு என்று எழுதினாள். ஏழே இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே ஆறு போட்டாள். எழுதும்போது அவளுக்கு அழுகை வந்தது. பதினோரு வருஷத்தில் பதிவேட்டில் அவள் எழுதிய முதல் பொய் இது. கொள்ளு நல்லதா தினை நல்லதா என்று தெரிந்துகொள்ள அந்த ஆஸ்பத்திரியிலேயே மிகவும் ஆசைப்பட்டவளும் அவள்தான். இனிமேல் அது தெரியப்போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் எழுதி முடித்தாள். முடித்துவிட்டுப் பட்டையை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து கஞ்சி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போனது. மருதையன் இருபது எண்ணும் வரைக்கும் நின்றார். நாற்பது வரைக்கும் நின்றார். பத்தொன்பதாம் நாள் நாலு அடி நடந்தார். இருபத்துநாலாம் நாள் ஆற்றுக்குக் கூட்டிப் போனாள். ஒரு பக்கம் செல்லாயி, ஒரு பக்கம் பொற்கொடி. தண்ணீர் விளிம்பில் மருதையன் வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்தார். குடித்தார். குனிந்தபடியே இருந்தார். செல்லாயி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். முன்னங்கால் முட்டி நடுங்கியது. பிறகு அந்தப் பெரிய தலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி குடிச்சிக்கறேன்" என்றார்.

இருபத்தாறாம் நாள் மேட்டுக்காட்டிலிருந்து செய்தி வந்தது. மந்தை புல்லுக்காக மலையின் அந்தப் பக்கம் கிளம்புகிறது. இன்றைக்கு வராதவர்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

விஷயம் எட்டியதும் பேராசிரியர் வேகமாக வந்தார். "இன்னும் இரண்டே நாள் ஐயா. இருபத்தெட்டாம் நாள் இங்கே படுத்திருந்தால் போதும். எங்கள் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி."

"எனக்கு நல்லா ஆயிருச்சே" என்றார் மருதையன்.

"ஆகியிருக்கலாம். ஆனால் இருபத்தாறில் ஆனால் எழுத இடம் இல்லை."

மருதையன் பொற்கொடியைப் பார்த்தார். அவள் வயிற்றுப் பட்டையை அவிழ்த்துவிட்டாள். செல்லாயி உடைத்த கதவு இன்னும் மாட்டப்படவில்லை. அதன் வழியாகவே இரண்டு பேரும் வெளியே நடந்தார்கள். செல்லாயி மட்டும் ஒருமுறை திரும்பி வந்து, பொற்கொடியின் கோணிச்சட்டையை மூக்கால் தொட்டுவிட்டுப் போனாள். மலைச்சரிவில் ஏறும்போது மருதையன் முன்னால் போனார்.

இருபத்தெட்டாம் நாள் ஒரு மரங்கொத்தியை அனுப்பி மருதையனைத் தேடச் சொன்னார்கள். அது விண்ணப்பத்தில் எழுதியிருந்த விலாசத்தில், மேட்டுக்காட்டு மூன்றாவது புங்கமரத்தடியில், பார்த்துவிட்டு வந்து, ஆள் இல்லை என்று சொன்னது. ஆராய்ச்சி விதியில் ஒரு வரி இருந்தது. இருபத்தெட்டாம் நாள் காணப்படாதவரை இறந்தவராகக் கொள்க.

பொற்கொடி கூர்மநாதனின் அறைக்குப் போனாள். பேராசிரியரும் அங்கே இருந்தார்.

"சார், மருதையன் ஐயா சாகல. நடந்து போனாரு. நான் பாத்தேன்."

"என்றைக்குப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார் கூர்மநாதன்.

"இருபத்தாறாம் நாள்."

"இருபத்தாறில் நடந்தது இருபத்தெட்டுக்குச் சாட்சி ஆகாது அம்மா."

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். "எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது சிஸ்டர். அந்த ஒரு சாவு மட்டும் இல்லையென்றால் கொள்ளு ஜெயித்திருக்கும். இப்போது தினையும் கொள்ளும் சரிக்குச் சரி. வித்தியாசம் இல்லை என்று எழுதிவிட்டோம்."

பொற்கொடி சொல்லிவிட்டாள். "இன்னொண்ணும் இருக்கு சார். முதல் நாலு நாளைத் தவிர கேள்வித்தாள் எதையும் நான் யாரையும் கேட்டு எழுதல. ஒரே நாள்ல உக்காந்து எல்லாத்துக்கும் ஏழு போட்டேன். என்ன தண்டனை வேணா குடுங்க."

பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கூர்மநாதன் கழுத்தை முழு நீளத்துக்கு வெளியே நீட்டினார். அவ்வளவு நீளமான கழுத்து அவருக்கு இருக்கும் என்று பொற்கொடி நினைத்ததே இல்லை.

"ஒரே நாளில் எழுதினால் என்ன?" என்றார் அவர், மிக மென்மையாக. "நாளுக்கு நாள் மாறவில்லை. ஆளுக்கு ஆள் மாறவில்லை. இவ்வளவு சீரான அளவுகோலை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. என் ஆயுள் நூற்று நாற்பது வருஷம்."

"கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது சிஸ்டர்" என்றார் பேராசிரியர், அவள் கண்ணைப் பார்க்காமல். "உங்களுக்கு வேலைப்பளு அதிகம். களைப்பில் என்னவோ சொல்கிறீர்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை."

தை மாசத்தில் 'நோயாளி குரல் அளவுகோல்' பன்னிரண்டு காடுகளில் கட்டாயமானது. அதைப் பிழையில்லாமல் நிரப்பியதற்காகப் பொற்கொடிக்கு மாலை போட்டார்கள். பதவி உயர்வும் கொடுத்தார்கள். இனி அவள் கஞ்சி ஊற்ற வேண்டாம். காடு காடாகப் போய் மற்ற நர்ஸ்களுக்குப் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுத்தால் போதும். அவளுடைய ஆறு படுக்கைகளையும் புதிதாக வந்த ஒரு மிளா மான் பார்த்துக்கொண்டது. மிளா நேர்மையானது. நாற்பத்தாறு கேள்வியையும் ஒன்று விடாமல் கேட்டது.

முதல் வகுப்பு பக்கத்துக் காட்டில் நடந்தது. முப்பது நர்ஸ்கள் வந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. பொற்கொடி கரும்பலகையில் முதல் கேள்வியை எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் யாரும் இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மாசத்தோட முதல் தேதி காலையில உக்காருங்க" என்றாள். "மொத்தப் படிவத்தையும் அன்னைக்கே எழுதிருங்க. ஏழு போடுங்க. நடுநடுவுல ஆறு. அப்புறம் போய்க் கஞ்சியை அரைமணி நேரமா ஊத்துங்க. பட்டை கட்டி நிக்கவைங்க."

சில பேர் எழுதிக்கொண்டார்கள். அந்த வருஷம் பன்னிரண்டு காடுகளிலும் நிறையப் பேர் தங்கள் காலில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அதைப் பார்த்துப் பேராசிரியர், கேள்வி கேட்பதே ஒரு சிகிச்சைதான் என்று இரண்டாவது கட்டுரை எழுதினார். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு வகுப்பில், கடைசி வரிசையில் ஒரு கரடி நர்ஸ் எழுந்து நின்றது. நரைத்த மூக்கு. ஓய்வு பெற இரண்டு மாசமே இருந்தது.

"எல்லாரும் ஏழு போட்டுட்டா, எந்தக் கஞ்சி நல்லதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது" என்றாள் பொற்கொடி.

கரடி உட்கார்ந்தது. பேனாவைத் திறந்து ஏழு என்று எழுத ஆரம்பித்தது.

நீதி: பிழைக்க விரும்புகிறவர்கள் ஆராய்ச்சி முடியும்வரை பொறுமையாகப் படுத்திருந்து பிழைக்கவும், அவசரப்பட்டுப் பிழைத்தால் அது பிழையில் சேர்ந்துவிடும்.